ஹார்ட்ஸ் கழகமும் மக்ரேயின் படையணியும்



கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்துவிட்டு இரவில் ஆறுதலாக வாசியுங்கள்.

முதலாம் உலக யுத்தத்தை நாம் வகுப்பில் எப்படிப் படிப்பிக்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். காரணங்கள், கூட்டணிகள், சரஜீவோவில் இளவரசர் கொலை, வேர்சைல்ஸ் உடன்படிக்கை. பரீட்சையில் புள்ளி கிடைக்கும், அவ்வளவுதான். அந்தப் பாடத்துக்குள் மனிதர்களைத் தேடினால் ஒருவரும் அகப்படமாட்டார்கள். ஆகவே இன்று ஒரே ஒரு படையணியை மட்டும் எடுத்துப் பேசுவோம். அதுவும் உதைபந்தாட்டப் பைத்தியம் பிடித்த நமதூருக்குப் பொருத்தமான ஒன்று. பிரித்தானிய இராணுவத்தில் ரோயல் ஸ்கொட்ஸ் என்ற பழைமையான ஸ்கொட்லாந்துப் படைப்பிரிவின் 16ஆவது பட்டாலியன். ஊர் மக்கள் அதற்கு வைத்த பெயர் "மக்ரேயின் படையணி".

நமது பிள்ளைகளுக்கு ஆர்சனலையும் லிவர்பூலையும் தெரியும். எடின்பரோ நகரின் ஹார்ட் ஒஃப் மிட்லோதியன் கழகத்தைத் தெரிந்தவர்கள் குறைவு. சுருக்கமாக ஹார்ட்ஸ். 1914 ஓகஸ்டில் யுத்தம் தொடங்கிய அதே மாதம் ஸ்கொட்லாந்து லீக்கும் தொடங்கியது. முதல் ஆட்டத்திலேயே அந்நாளைய சம்பியன் செல்ட்டிக்கை ஹார்ட்ஸ் 2-0 என்று தோற்கடித்தது. தொடர்ந்து எட்டு ஆட்டங்களில் வெற்றி. அந்த வருடம் கிண்ணம் இவர்களுக்குத்தான் என்று நகரமே நம்பியது.

ஆனால் பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் பிணங்கள் விழத் தொடங்கியிருந்தன. ஆரம்பத்தில் பிரித்தானியாவில் கட்டாய இராணுவச் சேவை இருக்கவில்லை. 1916 ஜனவரியில்தான் அதற்குச் சட்டம் வந்தது. அதுவரை எல்லோரும் தொண்டர்கள். தொண்டர்கள் போதாமற்போனபோது மானத்தில் கை வைத்தார்கள். சீருடை அணியாமல் தெருவில் போகும் வாலிபனிடம் பெண்கள் ஒரு வெள்ளை இறகை நீட்டுவார்கள். நீ கோழை என்பதுதான் அதன் அர்த்தம்.

இந்தக் கோபம் அதிகமாகப் பாய்ந்தது உதைபந்தாட்ட வீரர்கள் மீதுதான். திடகாத்திரமான உடம்பு, கூலி வாங்கி விளையாடுகிறான், ஆயிரக்கணக்கான வாலிபர்களை மைதானத்துக்கு இழுத்து வைத்திருக்கிறான் என்பது குற்றச்சாட்டு. பிரெட்ரிக் சாரிங்டன் என்ற மதுவிலக்குப் பிரசாரகர் உதைபந்தாட்டத்தையே நிறுத்த வேண்டும் என்று ஒரு போராட்டம் நடத்தினார். எடின்பரோவின் மாலைப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிய ஒருவர், ஹார்ட்ஸ் கழகத்தின் பெயரை வெள்ளை இறகுக் கழகம் என்று மாற்றிவிடலாம் என்று குத்திக்காட்டினார்.

இவ்வளவுக்கும் அந்தக் கழகத்தின் ஜோர்ஜ் சின்கிளேயர், நீல் மோர்லண்ட் இருவரும் பழைய படைவீரர்கள் என்பதால் யுத்தம் தொடங்கியதுமே மீள அழைக்கப்பட்டுவிட்டார்கள். ஜிம்மி ஸ்பீடி தானாகவே போய்ச் சேர்ந்துவிட்டார். லீக்கின் உச்சியில் இருந்ததுதான் ஹார்ட்ஸ் செய்த குற்றம். உயரத்தில் இருக்கிற தேங்காய்க்குத்தானே கல்லெறி. அதே நேரம் குதிரைப் பந்தயம் தடையில்லாமல் நடந்துகொண்டிருந்தது. அதைக் கேட்க ஆளில்லை. பணக்காரனின் பொழுதுபோக்கு பொழுதுபோக்காகவே இருந்தது, தொழிலாளியின் விளையாட்டு மட்டும் தேசத்துரோகமாகிவிட்டது. இது அந்த நாட்டுக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லைதான்.

இந்த இடத்தில்தான் சேர் ஜோர்ஜ் மக்ரே வருகிறார். அபர்டீன் நகரில் 1860இல் ஒரு வேலைக்காரப் பெண்ணுக்குத் தகப்பன் பெயர் தெரியாமல் பிறந்தவர். எடின்பரோவில் வளர்ந்து, துணிக்கடையில் வேலை பழகி, தானே பெரிய வியாபாரியாகி, 1899 முதல் 1909 வரை எடின்பரோ கிழக்கின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர். பிரபுக் குடும்பத்துக் கேர்ணல்கள் மத்தியில் இவர் வேறு வகை. நகரத்து ஏழைகள் இவரைத் தங்களவராகப் பார்த்தார்கள். 54 வயதில், ஒரு முழுப் பட்டாலியனையும் தானே திரட்டித் தானே தலைமை தாங்கி யுத்தமுனைக்குக் கொண்டுபோகப் போவதாக அறிவித்தார்.

1914 நவம்பர் 25இல் ஹார்ட்ஸ் வீரர்கள் 11 பேர் ஒன்றாகச் சேர்ந்து அவருடைய படையணியில் பெயர் கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து அஷர் மண்டபத்தில் பெருங்கூட்டம். தானும் கூடவே நின்று அந்த ஆபத்தைப் பங்குபோடாவிட்டால் உங்களை வரச் சொல்ல மாட்டேன் என்று மக்ரே அங்கே சொன்னார். நாம் எத்தனையோ தலைவர்களின் பேச்சுக்களைக் கேட்டிருக்கிறோம். பேசியவர் சொன்னபடியே பிள்ளைகளோடு அகழிக்குள் போய் நின்ற சம்பவங்கள் குறைவு. மக்ரே போனார். அந்தக் காரணத்துக்காகவே அவரைப் பற்றி எழுதத் தோன்றுகிறது.

வீரர்கள் போனால் ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? ஹார்ட்ஸ் ரசிகர்கள் சுமார் 500 பேர் பின்னாலேயே வந்து சேர்ந்தார்கள். அதே நகரின் பரம எதிரிக் கழகம் ஹிபேர்னியன். அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய கத்தோலிக்கர்கள் 1875இல் தொடங்கியது. மதமும் ஊரும் கலந்த போட்டி, மைதானத்தில் ஆளையாள் பார்க்கமாட்டார்கள். அந்தக் கழகத்தின் ரசிகர்களும் சுமார் 150 பேர் மக்ரேயிடம் வந்தார்கள். ரெய்த் ரோவர்ஸ், பல்கேர்க், டன்பேம்லின் கழகங்களிலிருந்தும், ஊர்ப்பக்கத்துச் சின்னச் சின்ன அணிகளிலிருந்தும் வீரர்கள் சேர்ந்தார்கள். டிசம்பர் 15ஆம் திகதி ஜோர்ஜ் வீதியில் படையணி அணிவகுத்தபோது 1,300க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். தச்சன், கடைச் சிப்பந்தி, மாணவன், ஆசிரியன், கிளாக்கர் என்று எல்லா வகை மனிதர்களும்.

இப்படி ஒரே ஊரார், ஒரே தொழிலார், ஒரே பாடசாலைக்காரர் ஒன்றாகச் சேர்ந்து ஒன்றாகவே சண்டை பிடிக்கும் படையணிகளைத் திரட்டுவது அந்த யுத்தத்தில் பிரித்தானியா கண்டுபிடித்த உத்தி. நண்பனோடு போகிறோம் என்றால் யாருக்கும் துணிவு வரும். அதன் மறுபக்கத்தை அப்போது யாரும் யோசிக்கவில்லை. ஒன்றாகப் போனவர்கள் ஒன்றாகவே மௌத்தாகலாம். அப்படி நடந்தால் ஒரு தெருவில் ஒரு வீட்டுக்குத் தந்தி வராது, வரிசையாக எல்லா வீட்டுக்கும் வரும்.

வீரர்கள் இராணுவத்தில் சேர்ந்தும் லீக் ஆட்டங்களை விடவில்லை. கிழமை நாட்களில் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம். இரவு முழுக்க அணிநடை போய்விட்டு அடுத்த நாள் மைதானத்தில் இறங்கிய சந்தர்ப்பங்களும் உண்டு. தடுப்பூசி போட்ட காய்ச்சலோடும் விளையாடினார்கள். பருவத்தின் பெரும்பகுதி முன்னிலையில் இருந்த ஹார்ட்ஸ் கடைசியில் 4 புள்ளிகளால் செல்ட்டிக்கிடம் கிண்ணத்தை விட்டது. அந்தப் பருவத்தில் 29 கோல் போட்ட டொம் கிரேசி இரத்தப் புற்றுநோயோடுதான் ஓடிக்கொண்டிருந்தார். 1915 ஒக்டோபர் 23இல் கிளாஸ்கோவில் காலமானார். யுத்தமுனையைக் காணவே இல்லை. அதற்கு ஒரு மாதம் முன், செப்டம்பர் 25இல், லூஸ் சண்டையில் ஜிம்மி ஸ்பீடி கொல்லப்பட்டிருந்தார். இவர் வேறொரு ஸ்கொட்லாந்துப் படைப்பிரிவில், கெமரன் ஹைலண்டர்ஸில் இருந்தவர்.

1915 ஜூனில் மக்ரேயின் படையணி இங்கிலாந்தின் ரிப்பன் முகாமுக்குப் பயிற்சிக்குப் போனது. இந்தத் திகதியைக் கண்டதும் நமக்கு வேறொன்று ஞாபகம் வராமல் இருக்காது. மே மாதக் கடைசியில் வெசாக் இரவில் கண்டியில் தொடங்கிய கலவரம் அந்த ஜூன் மாதம்தான் நமது கடைகளையும் பள்ளிவாசல்களையும் எரித்து ஓய்ந்தது. இராணுவச் சட்டம் பிறப்பித்த ஆளுநர் ரொபேர்ட் சாமர்ஸ் அதே மே மாதத்தில் தன் மகன்மார் இருவரையும் அந்த யுத்தத்தில் பறிகொடுத்தவர் என்பதை நமது பாடப்புத்தகம் சொல்வதில்லை. அவர் செய்ததற்கு அது நியாயமாகாது. அந்த மாதங்களில் அதிகாரம் யாருடைய கையில், எந்த மனநிலையில் இருந்தது என்று விளங்கிக்கொள்ள உதவும்.

இன்னொன்றையும் சொல்லிவிட்டுப் போகலாம். ஹார்ட்ஸ் வீரர்கள் கையெழுத்துப் போடுவதற்கு ஒரு மாதத்துக்குள்தான், 1914 ஒக்டோபர் 31இல், பெல்ஜியத்தின் ஹொலபெக் அருகே குதாதாத் கான் என்ற பஞ்சாப் முஸ்லிம் சிப்பாய், தன் கூட்டாளிகள் எல்லோரும் விழுந்த பிறகும் தனியாக இயந்திரத் துப்பாக்கியை இயக்கிக்கொண்டிருந்தார். விக்டோரியா சிலுவைப் பதக்கம் பெற்ற முதலாவது இந்தியப் படைவீரர் அவர்தான். வெள்ளைக்காரன் சண்டை என்று நாம் ஒதுக்கிவைக்கும் யுத்தத்தில் நம்மவர்களின் இரத்தமும் கலந்தே கிடக்கிறது.

1916 ஜனவரியில் மக்ரேயின் ஆட்கள் பிரான்ஸில் இறங்கினார்கள். மே 12இல் ரெய்த் ரோவர்ஸின் ஜிம்மி டொட் கொல்லப்பட்டார். உதைபந்தாட்டக்காரர்களில் அங்கே விழுந்த முதல் ஆள் அவர்.

பிறகு ஜூலை 1. சொம் சண்டையின் முதல் நாள்.

ஒரு கிழமையாகப் பிரித்தானியப் பீரங்கிகள் ஜேர்மன் அகழிகள் மீது 15 இலட்சம் குண்டுகளைக் கொட்டியிருந்தன. எதிரி எவனும் உயிரோடு இருக்கமாட்டான், நடந்தே போய்ப் பிடிக்கலாம் என்று தளபதிகள் சொன்னார்கள். ஜேர்மனியர் சுண்ணாம்புப் பாறைக்குள் ஆழமாகத் தோண்டிய பதுங்குகுழிகளில் பத்திரமாக இருந்தார்கள். காலை 7.28க்கு லா புவாசெல் கிராமத்தின் பக்கத்தில் நிலத்துக்கடியில் புதைத்த சுமார் 27 தொன் வெடிமருந்து வெடித்தது. லொக்நகர் என்ற அந்தக் குழி இன்றும் இருக்கிறது. இரண்டு நிமிடம் கழித்து விசில் ஊதினார்கள்.

மக்ரேயின் படையணி தன் சகோதரப் படையான 15ஆவது ரோயல் ஸ்கொட்ஸின் பின்னால் மேட்டில் ஏறியது. இடப்பக்கம் லா புவாசெல்லிலிருந்து இயந்திரத் துப்பாக்கிகள் அந்தப் பள்ளத்தாக்கைக் கூட்டிப் பெருக்கின. சூட்டுக்கு விலகி விலகி அணிகள் வலப்பக்கமாக ஒதுங்கி, அடுத்த டிவிஷனின் நிலத்துக்குள்ளேயே போய்விட்டன. பிறகு திசையைத் திருத்திக்கொண்டு, எஞ்சியவர்கள் ஒரு ஜேர்மன் அரணைப் பிடித்து விடாமல் வைத்துக்கொண்டார்கள். ஒரு சிறு குழு கொந்தல்மெசோன் கிராமம் வரைக்கும் போய்விட்டது. அன்றைய தினம் பிரித்தானியப் படை எங்கேயாவது மிக ஆழமாக ஊடுருவியிருந்தால் அது இந்த இடம்தான். ஆனால் பின்னால் வந்து தாங்க ஆளில்லை. போனவர்களில் அதிகமானோர் திரும்பவில்லை. கிராமம் உண்மையாகக் கைப்பற்றப்பட்டது ஜூலை 10இல், வேறொரு டிவிஷனால்.

படையணியின் நான்கில் மூன்று பங்கினர் கொல்லப்பட்டோ காயப்பட்டோ காணாமலோ போனார்கள். அன்றைய ஒரு நாளில் பிரித்தானியப் படையின் மொத்த இழப்பு 57,470. அதில் இறந்தவர்கள் 19,240. இவர்கள் சேர்ந்திருந்த 34ஆவது டிவிஷன்தான் எல்லா டிவிஷன்களையும் விட அதிகமாக, ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இழந்தது.

ஹார்ட்ஸ் வீரர்களில் அந்தக் காலையில் விழுந்தவர்கள் மூவர். எடின்பரோவிலேயே பிறந்து வளர்ந்த முன்வரிசை ஆட்டக்காரர் ஹரி வொட்டி. கில்வினிங் ஊரைச் சேர்ந்த பின்வரிசைக்காரர் டங்கன் கரி. மூன்றாமவர் ஏர்னி எலிஸ், ஸ்கொட்லாந்துக்காரரே அல்ல, இங்கிலாந்தின் நொரிச் நகரத்துப் பிள்ளை. ஹார்ட்ஸுக்கு விளையாட வந்த இடத்தில் ஹார்ட்ஸ்காரரோடு சேர்ந்து பெயர் கொடுத்தவர். ரெய்த் ரோவர்ஸின் ஜேம்ஸ் ஸ்கொட்டும் அன்றுதான். அல்பி பிரிக்ஸ் படுகாயத்தோடு உயிர் தப்பினார், மறுபடி விளையாடவே இல்லை. ஓகஸ்ட் 3இல் ஜேம்ஸ் பொய்ட். அடுத்த வருடம் ஏப்ரல் 22இல் அராஸ் முனையில் சார்ஜன்ட் ஜோன் அலன். கிரேசியையும் ஸ்பீடியையும் சேர்த்தால் ஹார்ட்ஸ் இழந்த வீரர்கள் ஏழு பேர்.

ஏழு என்பது பெரிய தொகை இல்லையே என்று தோன்றலாம். ஒரு அணியில் பதினொரு பேர்தானே. நமதூர்க் கழகம் ஒன்றை மனதில் எடுத்து, அதிலிருந்து ஏழு பெயரைக் கழித்துப் பாருங்கள். கரையோரம் நின்று கத்தும் கூட்டத்திலிருந்தும் நூற்றுக்கணக்கில் கழிக்க வேண்டும். அந்த ரசிகர்களின் பெயர்களை யாரும் பட்டியலிட்டுப் பேசுவதில்லை, கோல் போடாதவர்கள் என்பதால்.

அந்த அணியின் முகாமையாளர் ஜோன் மக்கார்ட்னி யுத்தம் முடியும் வரைக்கும் பணம் சேர்த்து முன்னரங்கில் இருந்த சிப்பாய்களுக்கு உதைபந்துகள் அனுப்பிக்கொண்டிருந்தார். வேறென்னத்தைத்தான் அந்த மனிதர் செய்வது?

மக்ரேக்கு வீரத்துக்கான பதக்கம் கிடைத்தது. உடல் தளர்ந்து 1916 நவம்பரில் தலைமையை விட்டார். படையணி மேலும் ஆட்கள் சேர்த்துக்கொண்டு 1917இல் அராஸ், ஹார்ஜிகூர், பாஷண்டேல் என்று இழுபட்டது. பாஷண்டேலில் ரெய்த் ரோவர்ஸின் ஜோர்ஜ் மக்லே போனார். 1918இல், யுத்தம் முடிய முன்னரே, படையணி கலைக்கப்பட்டது. மக்ரே 1928 டிசம்பரில் காலமானபோது எடின்பரோ வீதிகளில் ஜனம் திரண்டு நின்றது. இவ்வளவு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சாகவிட்டவர் என்று அந்த ஊர் அவரைத் தூற்றியிருக்கலாம். தூற்றவில்லை. அவர் கூடப் போனார், கூட நின்றார் என்பது ஊருக்குத் தெரியும். எங்கள் அபிப்பிராயத்தில் குற்றம் அவருடையது அல்ல. வெள்ளை இறகு நீட்டியவர்களும், பத்திரிகைக்குக் கடிதம் எழுதியவர்களும், நடந்துபோய்ப் பிடிக்கலாம் என்று சொன்ன தளபதிகளும் அந்த மேட்டில் இருக்கவில்லை.

உயிர் தப்பியவர்கள் கதை வேறு. பெடி குரொசன் திரும்பி வந்து ஹார்ட்ஸுக்கு மறுபடி விளையாடினார். நகரத்தில் ஒரு மதுக்கடை வைத்தார். 1933இல் நெஞ்சு நோயில் போனார். பின்னாளில் பீரங்கிப் படையில் சேர்ந்து நச்சுவாயுவில் பாதிக்கப்பட்ட பொப் மேர்சர் 1926இல் ஒரு சிநேகபூர்வ ஆட்டத்தின் நடுவில் மைதானத்திலேயே சுருண்டு விழுந்து இறந்தார். இவர்களை எந்தத் தியாகிகள் பட்டியலில் சேர்ப்பது?

இனி நினைவுச் சின்னங்களைப் பற்றி. எடின்பரோவின் ஹேமார்க்கட் சந்தியில் ஹார்ட்ஸ் கழகம் தன் செலவில் ஒரு மணிக்கூட்டுத் தூண் கட்டியது. 1922 ஏப்ரல் 9இல் திறந்துவைத்தபோது பல்லாயிரம் பேர் வந்தார்கள். சிலை வைக்காமல் மணிக்கூடு வைத்தது நல்ல யோசனை. பஸ்ஸுக்குப் போகிறவனும் நேரம் பார்க்கத் தலையை உயர்த்துவான், பெயரைக் காண்பான். டிராம் பாதை போடுவதற்காகச் சில வருடங்கள் அதைக் கழற்றி வைத்திருந்து 2013இல் திரும்ப நிறுத்தினார்கள். ஒவ்வொரு நவம்பரிலும் ஹார்ட்ஸ்காரர்கள் அங்கே கூடுகிறார்கள்.

கொந்தல்மெசோன் கிராமத்தில் ஒரு கல்மேடு கட்ட வேண்டும் என்பது யுத்தம் முடிந்த கையோடு எழுந்த ஆசை. பணம் சேரவில்லை, கிடப்பில் போனது. ஜாக் அலெக்சாண்டர் என்ற ஆய்வாளர் பல வருடம் தேடி எழுதிய புத்தகம் 2003இல் வந்தது. அதன் பிறகுதான் ஊர் மறுபடி விழித்தது. ஸ்கொட்லாந்துக் கல்லைக் கொண்டுபோய், ஸ்கொட்லாந்துக் கொத்தனார்களை வைத்து, 2004 நவம்பரில் அந்தக் கல்மேட்டைக் கட்டி முடித்தார்கள். எண்பது வருடத்துக்கு மேல் பிந்திய கடன்.

2004 நவம்பர் என்றதும் அடுத்த மாதம் என்ன என்று நமக்குத் தெரியும். கடல் வந்த மாதம். நமது கரையோரத்தில் மையித்துக் கிடைக்காமல் காயிப் ஜனாஸா மட்டும் தொழுதுவிட்டு வீடு திரும்பிய குடும்பங்கள் எத்தனை. குளிப்பாட்டி, கபனிட்டு, ஒரு பிடி மண் போடும் வாய்ப்பு இல்லாமற்போவது என்னவென்று நாம் யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. வொட்டி, கரி, எலிஸ் மூவருக்கும் அடையாளம் தெரிந்த கபுறு இல்லை. சொம் பகுதியில் அப்படி உடல் கிடைக்காத 72,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி, தியெப்வால் என்ற இடத்தில் பிரமாண்டமான ஒரு வளைவை எழுப்பினார்கள். 1932 ஓகஸ்ட் 1இல் திறந்தது.

அந்த வளைவை வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ். கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவில் நூலகத்துக்கு அருகே உயரமாக ஒரு வெள்ளைத் தூண் நிற்கிறதே, அதுவும் அவருடைய கைவேலைதான். முதலில் காலிமுகத்திடலில் இருந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பான்காரன் குண்டு போடுவதற்கு அடையாளமாகிவிடும் என்று பயந்து கழற்றிப் பூங்காவுக்கு மாற்றினார்கள். இலங்கையிலிருந்து அந்த யுத்தத்துக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்கள் அங்கே இருக்கின்றன. கல்விச் சுற்றுலாவுக்குக் கொழும்பு போகும் ஆசிரியர்கள் நூதனசாலைக்குப் போகிற வழியில் பிள்ளைகளைப் பத்து நிமிடம் அங்கே நிறுத்தலாம். டிக்கட் தேவையில்லை.

பிரான்ஸிலும் லண்டனிலும் இருக்கும் நமதூர்த் தம்பிமார் இதை வாசித்தால் ஒரு தகவல். பாரிஸிலிருந்து அமியான் நகரத்துக்கு ரயில் இருக்கிறது. அங்கிருந்து வாகனத்தில் போனால் தியெப்வால் தூரமில்லை. ரோயல் ஸ்கொட்ஸ் வீரர்களின் பெயர்கள் தூண் முகப்பு 6டி, 7டி இரண்டிலும் இருக்கின்றன. போகிறவர்கள் படம் எடுத்து இந்தப் பதிவின் கீழே போடுங்கள், பிள்ளைகளுக்குக் காட்டலாம்.